கார்-டி சிகிச்சைக்குச் சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு: கூட இருப்பவர் பார்க்க வேண்டிய வேலைகள்

உங்கள் வீட்டில் ஒருவருக்கு லிம்போமா என்கிற நெறிக்கட்டிப் புற்றுநோயோ ரத்தப் புற்றுநோயோ வந்து, கீமோவில் அடங்கி, மறுபடி தலைதூக்கியிருக்கிறது. டாக்டர் "கார்-டி பார்க்கலாம்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டோடு "இந்த மருந்து இருக்குங்களா?" என்று எங்கள் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. இது கடையில் கிடைக்கிற மருந்து இல்லை. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை எடுத்து, அவருக்காக மட்டும் செய்து, அவருக்கே திருப்பி ஏற்றுவது.

நான் அம்மாப்பேட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவள். என் கொழுந்தனாருக்குப் பெங்களூரில் இந்தச் சிகிச்சை நடந்தபோது அட்டெண்டராகக் கூட இருந்தது நான்தான். கடையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். வைத்தியம் டாக்டர்கள் பாடு. ஆனால் அவர்கள் நம் கையில் விட்டுவிடுகிற வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், இது உங்கள் நோய்க்கு உண்டா என்று பாருங்கள்

கார்-டி எல்லாப் புற்றுநோய்க்கும் ஆகாது. பி செல் என்கிற ஒரு வகை வெள்ளை அணுவில் கிளம்பும் நோய்களுக்குத்தான் இப்போது பெரும்பாலும் பயன்படுகிறது: சில வகை லிம்போமா, பி-ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமாவுக்குத் தனியாக வேறு வகை கார்-டி இருக்கிறது. மார்பகம், நுரையீரல், வயிறு என்று கட்டியாக வருகிற புற்றுநோய்களுக்கு இன்னும் ஆய்வு நிலைதான். யாராவது போனில் கூப்பிட்டு "எல்லாக் கேன்சருக்கும் ஜீன் தெரபி, அட்வான்ஸ் கட்டுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்து "சி.டி.19" என்று எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது பி செல்லின் மேல் இருக்கும் ஓர் அடையாளம். அதற்குப் பக்கத்தில் பாசிட்டிவ் என்று இருக்க வேண்டும். இந்தியாவில் முதலில் அனுமதி வாங்கிய கார்-டி இரண்டுமே அந்த அடையாளத்தைத்தான் குறிவைக்கின்றன. ரிப்போர்ட் பழசாக இருந்தால் மறுபடி பயாப்சி கேட்பார்கள். அதற்கு முகம் சுளிக்காதீர்கள். முன்பு எடுத்த சிகிச்சையைப் பொறுத்துச் சில கட்டிகளில் அந்த அடையாளம் இல்லாமலும் போகும்.

பழைய லேபிலிருந்து ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் என்பது மெழுகில் பதித்த திசுத் துண்டு, தீப்பெட்டியைவிடச் சின்னது. கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். மே மாதத்தில் வாங்கினால் காரில் டேஷ்போர்டு மேல் போட்டுவிட்டு ஐந்து ரோட்டில் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். சேலத்து வெயிலுக்கு மெழுகு இளகும். பெட் ஸ்கேனுக்கு ரிப்போர்ட் தாள் போதாது, படங்கள் பதிந்த சி.டி. தட்டு வேண்டும். அதன் நகல் ஒன்றை பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது

சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். எனக்குக் கைகொடுத்தது எங்கள் வீட்டுத் தறிதான். மாமனார் பட்டுத் தறி ஓட்டியவர். துணியில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டையை மாற்றினால் அதே தறி, அதே நூல், ஆனால் பூ வேறு. டி செல் என்பது நோயோடு சண்டை போடும் வெள்ளை அணு. அதுதான் தறி என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் பரப்பும் பகுதிகளை நீக்கிய ஒரு வைரஸ் மூலமாக அதற்குள் கூடுதலாக ஒரு அட்டையைக் கோர்த்துவிடுகிறார்கள். அந்த அட்டையில் இருப்பது ஒரே கட்டளை: சி.டி.19 உள்ள செல்லைக் கண்டால் பிடித்துக் கொல். அப்படி மாற்றிய செல்களை லேபில் கோடிக்கணக்கில் பெருக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள்.

"கிரிஸ்பர்னு ஒண்ணு வந்திருக்காமே, அதுதானே இது?" என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். அது அடுத்த படி. இப்போது நமக்குக் கிடைக்கிற கார்-டியில் அட்டை சேர்ப்பதோடு சரி. ஏற்கெனவே இருக்கிற அட்டையில் குறிப்பிட்ட ஒரு துளையை அடைப்பதும் மாற்றுவதும்தான் மரபணுத் திருத்தம், கிரிஸ்பர் அதற்கான ஒரு கருவி. நோயாளியின் டி செல் தேறாதபோது வேறொருவருடைய செல்லை ஏற்றலாமா என்றால், வந்த செல் நோயாளியின் உடம்பையே தாக்கும். அதைத் தாக்கவிடாமல் செய்யத்தான் திருத்தம் தேவைப்படுகிறது. 2015-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியில் லைலா என்ற கைக்குழந்தைக்கு அப்படித் திருத்திய வேற்றாள் செல்லைக் கொடுத்தார்கள். 2022-ல் அதே இடத்தில் அலிஸா என்ற 13 வயதுப் பெண்ணுக்கு இன்னும் நுணுக்கமாக, டி.என்.ஏ.வில் ஒற்றை எழுத்தை மாற்றும் முறையில் செய்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வந்தது டி செல்லிலேயே வரும் புற்றுநோய். டி செல்லைக் கொல்ல டி செல்லையே அனுப்பினால் அவை ஒன்றையொன்று கொன்று தீர்க்கும். அதனால் அனுப்புகிற செல்லில் சி.டி.7 என்ற அடையாளத்தை முதலில் அழித்துவிட்டார்கள்.

அப்புறம், தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் வந்து கேட்பது காஸ்கெவி என்கிற சிகிச்சை. அது கிரிஸ்பர்தான், 2023 நவம்பரில் முதலில் பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. ஆனால் அதில் திருத்துவது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை, டி செல்லை இல்லை. அதற்கு வேறு டாக்டர், வேறு ஃபைல். எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்குகிற லூபஸ் போன்ற நோய்களுக்கு ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து டாக்டர்கள் கார்-டி கொடுத்து நல்ல பலன் பார்த்து, 2024-ல் 15 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த வழி இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

எங்கே கேட்பது, எவ்வளவு ஆகும்

2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19 என்ற இந்தியத் தயாரிப்புக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து வளர்த்தது, இம்யூனோஆக்ட் கம்பெனி தயாரிப்பது. 2024 ஏப்ரல் 4-ல் ஜனாதிபதி திரௌபதி முர்மு மும்பையில் தொடங்கிவைத்தார். 2025 ஜனவரியில் பெங்களூரின் இம்யூனீல் கம்பெனி கார்டெமி என்று இரண்டாவதைக் கொண்டுவந்தது. வேலூர் சி.எம்.சி.யில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே செல் தயாரித்து ஆய்வாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வில் இடம் கிடைத்தால் செலவு வெகுவாகக் குறையும், அதனால் நம் ஊர்க்காரர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் காட்பாடி மூன்று மணி நேரத்துத் தூரம்.

அமெரிக்காவில் 2017-ல் முதல் கார்-டி வந்தபோது விலை 4,75,000 டாலர். இங்கே செல்லுக்கு 30-லிருந்து 50 லட்சம் ரூபாய்க்குள் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் தலை சுற்றும். சுற்றி முடித்ததும் இதைக் கேளுங்கள்: "இது செல்லுக்கு மட்டுமா, எல்லாம் சேர்த்தா?" செல் எடுக்கும் செலவு, காத்திருக்கும்போது கொடுக்கும் கீமோ, வார்டு வாடகை, ஐ.சி.யூ., ஒரு ஊசியே பல ஆயிரம் ஆகிற மருந்துகள், வீட்டுக்கு வந்த பிறகு மாதாமாதம் ஆகிற செலவு எல்லாம் தனித்தனி வரி. எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு கேள்வியும் முக்கியம், அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்: "செல் தயாரிப்பு தோற்றுப்போனால் கட்டிய பணம் என்ன ஆகும்?" அபூர்வமாகத்தான் தோற்கும், ஆனால் தோற்கும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரம்பு உண்டு. அது முழுத் தொகைக்குக் காணாது. தனியார் பாலிசி இருந்தால் "நவீன சிகிச்சைகள்" என்று ஒரு பகுதி இருக்கும், அதில் உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள். எங்கள் இன்சூரன்ஸ்காரர்கள் "இது பரிசோதனை சிகிச்சை" என்று முதலில் கைவிரித்தார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி நகலையும் டாக்டரின் கடிதத்தையும் இணைத்து மேல்முறையீடு செய்த பிறகு ஒரு பகுதி வந்தது. மீதிக்கு கன்னங்குறிச்சிப் பக்கம் இருந்த மனை போனது. இதில் ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது, அது இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும். பழைய ரிப்போர்ட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். பான் கார்டில் இரண்டும் இருக்காது. வெளி மாநில ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் கடைசியில் வரும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு அதையே கூப்பிடுவார். வார்டில் நர்ஸ் என் மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட, என் கொழுந்தனார் "அவர் போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆச்சுங்க" என்று தமிழில் பதில் சொன்னார். நர்ஸுக்குப் புரியவில்லை, நல்லவேளை.

சிரிப்பு ஒரு பக்கம். ஆனால் செல் பையில் பெயர், பதிவு எண், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பை இடத்தைவிட்டு நகராது. ஒருவருடைய செல் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்பதால் அவர்கள் கறாராகத்தான் இருப்பார்கள். முதல் நாள் பதிவு செய்யும்போதே ஆதாரில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டலைக் கொடுத்து, அதையே எல்லாத் தாளிலும் போடச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி எழுதி ஃபைலில் வைத்துவிடுங்கள். கையில் கட்டும் பட்டையை ஒவ்வொரு முறையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

செல் எடுக்கிற நாள்

அதற்கு முன்னால் மருந்துக்கடைக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு டி செல்லை அடக்கும். எனவே செல் எடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், தானாக நிறுத்துவதும் ஆபத்து. நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூட்டு வலி, அரிப்பு, இளைப்பு என்று போனால் மூன்று வேளைக்கும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அதில் பல நேரம் டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு இருக்கும். சின்னதாக, பேர் தெரியாத மாத்திரை. சில "நாட்டு மருந்து" சூரணங்களிலும் கலந்திருப்பது உண்டு. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும், லேகியத்தையும், பொட்டலத்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே டாக்டர் மேசையில் கொட்டுங்கள். திட்டுவார். பரவாயில்லை.

எடுக்கும்போது அறுவை ஒன்றும் இல்லை. ஒரு கையிலிருந்து ரத்தம் மிஷினுக்குப் போகும், மிஷின் சுழற்றி வெள்ளை அணுக்களைப் பிரித்துக்கொண்டு மீதியை இன்னொரு கை வழியாகத் திரும்ப அனுப்பும். நரம்பு சரியில்லாவிட்டால் கழுத்தில் ஒரு குழாய் போடுவார்கள். சில மணி நேரம் ஆகும், அதுவரை இரண்டு கையையும் மடக்கக் கூடாது. சேலத்தில் காரசாரமாகச் சாப்பிட்டுவிட்டு அங்கே போய்ப் படுக்கக் கூடாது. முதல் நாள் இரவு நிறையத் தண்ணீர், காலையில் இட்லியும் பாலும். போகும் முன் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லுங்கள். மூக்கு அரித்தால் நீங்கள்தான் சொறிந்துவிட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் என் கொழுந்தனார் வாயைத் திறந்து என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

ரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் சேர்ப்பார்கள். அது உடம்பில் கால்சியத்தைக் கட்டிப்போடும். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் குறுகுறுப்பு வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள், கால்சியம் கொடுத்துச் சரிசெய்துவிடுவார்கள். ஆண்பிள்ளைகள் "தாங்கிக்கிறேன்" என்று வாயை மூடிக்கொண்டு கிடப்பார்கள். தாங்கிக்கொள்வதற்கு அங்கே பரிசு எதுவும் இல்லை.

காத்திருக்கும் காலம்

செல் தயாராகி, சோதனை முடிந்து வர மூன்று, நான்கு வாரம்கூட ஆகலாம். நடுவில் நோய் வளராமல் இருக்க லேசாகக் கீமோ கொடுப்பார்கள். ஊருக்கு வந்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வரும், தங்கச்சி மகள் சீர் வரும். கும்பலுக்கு அனுப்பாதீர்கள். காய்ச்சல், சளி வந்தால் தேதி தள்ளிப்போகும். எங்களுக்கு எதிர்வீட்டில் வெள்ளையடிக்கச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசியில் பூஞ்சை இருக்கும் என்று அவரை ஏற்காட்டில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மலைக்குப் போனாலும் எஸ்டேட்டில் சருகு, எரு குவித்த இடத்துக்குப் பக்கத்தில் உட்காரவிடாதீர்கள், காரணம் அதே பூஞ்சைதான்.

தங்கும் இடத்தை இப்போதே பாருங்கள். செல் ஏற்றிய பிறகு குறைந்தது சில வாரங்களாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேரும் தூரம் என்பது பொதுவான கணக்கு. சேலம் அதில் அடங்காது. பெங்களூரானாலும் வேலூரானாலும் அறை எடுத்துத்தான் ஆக வேண்டும். சமைக்க அடுப்பு, தனி பாத்ரூம், லிஃப்ட் உள்ளதாகப் பாருங்கள்.

ஏற்றும் நாளும் அடுத்த இரண்டு வாரமும்

ஏற்றுவதற்கு முன் மூன்று நாள் ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு என்று இரண்டு கீமோ கொடுப்பார்கள். பழைய வெள்ளை அணுக்களைக் குறைத்துப் புது செல்களுக்கு இடம் பண்ணுவதற்கு. தண்ணீர் குடிக்கவைப்பது உங்கள் வேலை. இரண்டாவது மருந்து மூத்திரப் பையைப் புண்ணாக்கும், சிவப்பாகப் போனால் சொல்லுங்கள்.

ஏற்றும் நாள் சப்பென்று இருக்கும். உறைய வைத்த ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து, வெதுவெதுப்பான நீரில் உருக்கி, இரண்டு பேர் பெயர் படித்துச் சரிபார்த்து, ட்ரிப்ஸ் மாதிரி ஏற்றுவார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். செல்லை உறையவைக்கச் சேர்த்த மருந்தின் வாடை அது, மறுநாள் வரை மூச்சில்கூட இருக்கும். என் கொழுந்தனார் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணி, இதுக்குத்தானா மனையை வித்தோம்?"

வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். புது செல்கள் நோயைத் தாக்கத் தொடங்கும்போது உடம்பே கொந்தளிக்கும். முதல் அடையாளம் காய்ச்சல். 100.4 டிகிரிக்கு மேல் போனால் நர்ஸைக் கூப்பிடுங்கள், அறைக்கு வந்த பிறகானால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டோலோ போட்டுப் பார்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்குவது, மூச்சு வாங்குவது, தலைசுற்றல் எல்லாம் இதே கணக்கில் வரும். கைவசம் நல்ல மருந்து இருக்கிறது: டோசிலிசுமாப். அதற்கு ஒரு கதை உண்டு. 2012-ல் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுக் குழந்தை கார்-டி வாங்கிக் காய்ச்சலில் பிழைப்பாளா என்று கிடந்தபோது, ஐ.எல்.-6 என்ற ஒரு பொருள் ரத்தத்தில் ஏகத்துக்கு ஏறியிருந்தது தெரிந்தது. அந்த ஆய்வின் தலைவர் கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம். அதனால் அதை அடக்கும் இந்த மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள், குழந்தை பிழைத்தாள். அந்த மருந்து ஸ்டாக் இருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது தொல்லை மூளையில். இதைக் கண்டுபிடிப்பதில் கூட இருப்பவரின் பங்கு பெரிது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். தினமும் நர்ஸ் வந்து ஒரு சின்னப் பரீட்சை வைப்பார், பத்து மதிப்பெண்: இது என்ன வருஷம், என்ன மாதம், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, மூன்று பொருளைக் காட்டிப் பேர் கேட்பது, "இரண்டு விரலைக் காட்டு" மாதிரி ஒரு கட்டளை, நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்வது, ஒரு வாக்கியம் எழுதுவது. அங்கே இதைக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கேட்பார்கள். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவருக்கு இங்கிலீஷில் பின்னோக்கி எண்ணத் தெரியாது, அதற்கு மூளை காரணமில்லை. தமிழில் கேட்கச் சொல்லி முதல் நாளே வற்புறுத்துங்கள். நல்ல நிலையில் எத்தனை மதிப்பெண் வாங்குகிறார் என்று செல் ஏற்றும் முன்பே ஒரு தடவை பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பாசத்தில் வாய் வந்துவிடும், அடக்குங்கள்.

வாக்கியத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வாக்கியம், ஒரே பேனா, தேதி போட்டு. எங்கள் வாக்கியம்: "ஏற்காடு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன." அவரே தேர்ந்தெடுத்தது, அந்த ரோட்டில் வண்டி ஓட்டிப் பழகியவர். முதல் சில நாள் அச்சடித்த மாதிரி எழுதினார். அப்புறம் ஒரு சாயங்காலம் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்டு நோட்டை வாங்கினார். எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்கியது. "இருபது" வந்த இடத்தில் "இருபபபது" என்று நின்று, பேனா அதே எழுத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை, எழுதி முடித்துவிட்டதாக நோட்டை நீட்டினார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. நான் அந்தப் பக்கத்தையும் முந்தின நாள் பக்கத்தையும் டியூட்டி டாக்டரிடம் காட்டினேன். அன்றிரவே ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். மறுநாள் வெறும் கிறுக்கலாக இருந்தது, அதற்கப்புறம் வளைவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஸ்டீராய்டு வேண்டாம் என்று அவ்வளவு சொன்னேனே என்று நினைப்பீர்கள். அது செல் எடுக்கும்போது. இங்கே அதே மருந்துதான் கை கொடுக்கிறது.

வழக்கத்துக்கு மாறாக மௌனமாக இருப்பது, போன் லாக் மறந்துபோவது, பேரைச் சொல்லத் தடுமாறுவது, கை நடுங்குவது இவற்றையும் அதே நோட்டில் நேரம் போட்டு எழுதுங்கள். இரவு நேரத்தில் வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு

வண்டி ஓட்டக் கூடாது. முன்பு எட்டு வாரம் என்று இருந்தது. 2025 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இரண்டு வாரமாகக் குறைத்தது. உங்கள் டாக்டர் எதைச் சொல்கிறாரோ அதுதான் கணக்கு. சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒரே சண்டை தட்டுவடை செட். பச்சைக் கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் துருவி, திறந்த பாத்திரத்துச் சட்னியோடு கடை வாசலில் தருவது. வெள்ளை அணு ஏறும் வரை வேண்டவே வேண்டாம். ஆசைப்பட்டால் தட்டுவடையை வாங்கி வந்து, காயை வேகவைத்து, சட்னியை வீட்டில் கொதிக்கவிட்டுக் கொடுங்கள். "இது செட்டே இல்லை" என்பார், இருக்கட்டும். மாம்பழம் நன்றாகக் கழுவித் தடிமனாகத் தோல் சீவினால் கொடுக்கலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னார். ஜவ்வரிசிக் கஞ்சி வாய்ப் புண்ணுக்கு இதமாக இருந்தது.

இந்தச் செல் நோயுள்ள பி செல்லையும் நல்ல பி செல்லையும் பிரித்துப் பார்க்காது. இரண்டையும் அழிக்கும். அதனால் எதிர்ப்புப் புரதம் குறைந்து அடிக்கடி தொற்று வரும். தேவைப்பட்டால் மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள், அதைச் சேலத்திலேயே செய்துகொள்ளலாம். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளைப் பின்னால் மறுபடி போட வேண்டியிருக்கும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி மட்டும் டாக்டர் சொல்லாமல் கூடாது.

ஒரு கடிதம் கேட்டு வாங்கி, லேமினேட் செய்து, அவர் பர்ஸில் ஒன்றும் உங்கள் பர்ஸில் ஒன்றுமாக வையுங்கள். நடு ராத்திரி எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் அங்கே இருக்கும் டாக்டர் கார்-டி நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார். அதில் இருக்க வேண்டியவை: எந்தத் தேதியில் எந்தச் செல் ஏற்றியது, காய்ச்சல், குழப்பம் இருந்தால் உடனே கூப்பிட வேண்டிய எண், ஸ்டீராய்டு கொடுக்கும் முன் எங்களிடம் பேசுங்கள் என்ற வரி, ரத்தம் ஏற்றுவதானால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் வேண்டும் என்ற வரி. கடைசியானதை ரத்த வங்கியில் கேட்டால் முழிப்பார்கள். எந்த வங்கியில் அந்த வசதி இருக்கிறது என்று சாவகாசமாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

பெட் ஸ்கேன் முப்பதாம் நாளையொட்டியும் மூன்றாம் மாதமும் எடுப்பார்கள். பலன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நெக்ஸ்கார்19 ஆய்வின் முடிவு 2025-ல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வந்தது. பலனை அளக்க முடிந்த 51 பேரில் 73 விழுக்காட்டினருக்கு நோய் குறைந்தது. அப்படிக் குறைந்த எல்லோருக்கும் அது நீடிக்கவில்லை. எங்கள் வீட்டு ஸ்கேன் நன்றாக வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஹாசன் ஊர்ப் பையனுக்கு மூன்றாம் மாதம் திரும்பிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள், நோயாளிக்கும் தெரிந்திருக்கட்டும்.

அபூர்வமாகப் புது டி செல்லே பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும் என்று 2024 ஜனவரியில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை போடச் சொன்னது. அதனால் 15 வருஷம் வரை கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த போன் நம்பரை ஆஃபர் பார்த்து மாற்றிவிடாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.